உணவில் காரீயம்: எண் மட்டும் போதாது

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் கடையிலிருந்து மேகி நூடுல்ஸ் பொட்டலங்கள் சிலவற்றை மாதிரியாக எடுத்தார். மோனோசோடியம் குளுட்டமேட் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதே அப்போதிருந்த ஐயம். கோரக்பூர் ஆய்வகத்துக்குப் பின் அந்த மாதிரி கொல்கத்தாவிலுள்ள மத்திய உணவு ஆய்வகத்துக்குப் போனது. ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2015 ஏப்ரலில், அங்கிருந்து வந்த அறிக்கையில் எவரும் தேடாத எண் ஒன்று இருந்தது: காரீயம் 17.2 பிபிஎம். அன்றைய விதி அனுமதித்த உச்ச அளவு 2.5 பிபிஎம். ஜூன் 5 அன்று நாடு முழுவதும் தடை வந்தது. 30,000 டன்களுக்கும் மேற்பட்ட நூடுல்ஸ் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தடை ஆணையை நீக்கியது. சோதனை நடத்திய ஆய்வகங்கள் சட்டம் கோரும் அங்கீகாரத்தைப் பெற்றிருக்கவில்லை என்பதும், நிறுவனத்தின் தரப்பு முறையாகக் கேட்கப்படவில்லை என்பதும் காரணங்கள். நீதிமன்றம் குறித்துக் கொடுத்த மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடந்தது. காரீயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பரில் மஞ்சள் பொட்டலம் மீண்டும் கடைகளில் தொங்கியது. நடுவண் அரசு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தொடுத்த சுமார் 640 கோடி ரூபாய் இழப்பீட்டு வழக்கு 2024இல் தள்ளுபடியானது.

இவ்வளவும் ஊரறிந்த கதை. அதிலிருந்து நாடு கற்ற பாடம் எது என்பதில்தான் கோளாறு. பன்னாட்டு நிறுவனம் பணத்தால் தப்பியது என்றது ஒரு தரப்பு. அரசு ஆய்வகங்களுக்கு அளக்கவே தெரியாது என்றது மறுதரப்பு. 17.2 என்ற எண் எப்படிப் பிறந்தது என்று இரு தரப்பும் கேட்கவில்லை. எத்தனை கிராம் மாதிரி, எந்த அமிலம், எந்தக் கருவி, வெற்றுச் சோதனையில் எவ்வளவு காரீயம் வந்தது, எத்தனை முறை திரும்ப அளந்தார்கள், கூட்டல் கழித்தல் எவ்வளவு ஆகிய கேள்விகள் அந்தக் கோடைகாலத்துத் தொலைக்காட்சி விவாதங்களில் எழவே இல்லை. அவை இல்லாத எண்ணை நம்புவதும் நம்ப மறுப்பதும் ஏறக்குறைய ஒரே செயல்தான். இரண்டுக்கும் அடிப்படை கிடையாது.

ஒரு பிபிஎம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோ உணவில் ஒரு மில்லிகிராம். ஆய்வகம் ஒரு கிலோவை அளப்பதில்லை. பொதுவாக அரை கிராம் அளவுக்குப் பொடித்த மாதிரியை எடுத்து, மூடிய கலனில் நைட்ரிக் அமிலத்துடனும் ஹைட்ரஜன் பெராக்சைடுடனும் சேர்த்து, நுண்ணலை வெப்பத்தில் தெளிந்த கரைசலாகும்வரை செரிக்க வைக்கிறார்கள். அதை 50 மில்லிலிட்டராக நீர்த்துக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். அந்த அரை கிராமில் காரீயம் சரியாக 2.5 பிபிஎம் இருந்தால், கலனிலுள்ள மொத்தக் காரீயம் 1.25 மைக்ரோகிராம். ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவு. ஒரு நிறுவனத்தின் விதியும், சில நேரங்களில் ஒரு குழந்தையின் மூளையும் இந்த அளவைச் சரியாகக் கணிப்பதைப் பொறுத்திருக்கின்றன.

இங்கே பிழை நுழையும் வழிகள் பல. அமிலத்திலேயே காரீயத்தின் சுவடு இருக்கலாம். பழைய கண்ணாடிக் குடுவை முந்தைய மாதிரியின் எச்சத்தைக் கசியலாம். சாளரம் திறந்திருந்தால் சாலைப் புழுதியும் சுவர் வண்ணத்தின் துகளும் வந்து விழும். இதற்காகவே ஒவ்வொரு தொகுதிச் சோதனையிலும் உணவே இல்லாத வெற்றுக் கலன் ஒன்றை அதே அமிலத்துடன், அதே அடுப்பில், அதே நேரம் வைத்து அளக்கிறார்கள். உணவில்லாத கலனிலும் காரீயம் காட்டினால் அது ஆய்வகத்தின் காரீயம். அதன் கூடவே, காரீய அளவு முன்பே உறுதியாகத் தெரிந்த சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் ஒன்றையும் அளக்கிறார்கள். அமெரிக்கத் தர நிறுவனம் இத்தகைய ஒப்பீட்டுப் பொருள்களை விற்கிறது. சான்றிதழில் உள்ள எண்ணை ஆய்வகத்தால் திரும்பப் பெற முடியவில்லை என்றால், அன்றைய மற்ற எண்கள் எல்லாம் குப்பைக் கூடைக்கு உரியவை.

கருவிகளைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை படித்தவர்களிடையே உண்டு: விலை உயர்ந்த கருவி பொய் சொல்லாது. உண்மையில் ஒவ்வொரு கருவியும் தனக்கே உரிய முறையில் ஏமாறும். அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் காரீயம் குறிப்பிட்ட அலைநீள ஒளியை உறிஞ்சுவதைக் கொண்டு அளக்கிறார்கள். மாதிரியில் உப்பு மிகுந்திருந்தால் உப்பும் அந்தப் பகுதியில் ஒளியை மறைக்கும். பின்னணித் திருத்தம் செய்யாவிட்டால் உப்பு காரீயமாக வேடமிடும். ஐசிபி-எம்எஸ் என்ற தூண்டல் பிளாஸ்மா நிறை நிறமாலைமானி இதைவிடப் பன்மடங்கு நுட்பமானது. ஆனால் அதற்குள் எரிவது ஆர்கான் வாயு. ஆர்கானின் நிறை 40, குளோரினின் நிறை 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. ஆர்சனிக்கின் நிறையும் 75! கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்பு தரும் குளோரினை ஆர்சனிக் என்று அது எண்ணிவிடக்கூடும். ஹீலியம் நிரப்பிய மோதல் அறையில் அந்த ஒட்டுத் துகள்களை வடித்தெடுக்கத் தெரிந்தவர் அளந்தால்தான் எண் மெய்யாகும்.

எதிர்த் திசையிலும் ஏமாற்றம் உண்டு. அதைப் பற்றி எவரும் போராட்டம் நடத்துவதில்லை. உணவை உலையில் எரித்துச் சாம்பலாக்கிப் பிறகு அமிலத்தில் கரைப்பது பழைய முறை. மலிவானது, எளியது. ஆனால் அந்த வெப்பத்தில் பாதரசம் ஆவியாகிவிடும், ஆர்சனிக்கின் பெரும்பகுதியும் உரிய துணைப்பொருள் சேர்க்காவிட்டால் போய்விடும். புகைபோக்கி வழியே சென்றதை அறியாமல் அறிக்கை ‘கண்டறியப்படவில்லை’ என்று சொல்லும். அந்தச் சொற்றொடரே ஆராயத்தக்கது. கண்டறியப்படவில்லை என்றால் இல்லை என்று பொருளாகாது. அந்த முறையின் கண்ணுக்கு எட்டிய எல்லைக்குள் தென்படவில்லை என்றே பொருள். குழந்தைப் பால் மாவுக்கான காரீய வரம்பாக 2011ஆம் ஆண்டு விதிகள் வைத்தது 0.2 பிபிஎம். 1 பிபிஎம்முக்குக் கீழ் பார்க்க முடியாத முறையில் அதைச் சோதித்து ‘கண்டறியப்படவில்லை’ என்று முத்திரையிட்டால், அது இருட்டில் தேடிவிட்டுத் திருடன் இல்லை என்று சொல்வதற்குச் சமம். எல்லை எவ்வளவு என்று எழுதாத ‘கண்டறியப்படவில்லை’க்கு மதிப்பே கிடையாது.

ஆய்வகத்தின் அழுக்கு ஒரு நாட்டின் கொள்கையையே எப்படித் திசை திருப்பும் என்பதற்கு அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சனின் வரலாறு சான்று. விண்கல்லிலுள்ள காரீய ஐசோடோப்புகளைக் கொண்டு புவியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டவர் அவர். அந்த வேலையில் அவரை வாட்டியது விண்கல்லின் காரீயமன்று. காற்றிலும் குழாய் நீரிலும் மனிதத் தலைமுடியிலும் இருந்த காரீயம். பல ஆண்டுகள் உழைத்து, உலகின் முதல் மிகத் தூய ஆய்வறைகளுள் ஒன்றை அவர் அமைத்தார். பிறகுதான் கேள்வி பிறந்தது: தூய்மையற்ற அறைகளில் இதுவரை அளந்தவர்கள் ‘இயற்கை அளவு’ என்று சொன்னது எதை?

1980இல் அவரும் டோரதி செட்டிலும் சூரை மீனில் அதற்கு விடை கண்டார்கள். பிற ஆய்வகங்கள் புதிய மீனின் தசையில் உள்ளதாகச் சொன்ன காரீயம், அவர்கள் தூய அறையில் கண்டதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆய்வகத்தின் காரீயம் மீனின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. விளைவு என்ன தெரியுமா? காரீயப் பற்று வைத்த தகர டப்பாவில் அடைத்த மீனுக்கும் புதிய மீனுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று அரசு நம்பிக்கொண்டிருந்தது. புதிய மீனிலேயே இவ்வளவு இருக்கும்போது டப்பாவைக் குறை சொல்வானேன் என்று தொழில்துறைக்கும் வசதியாயிற்று. கூடுதலாகக் காட்டிய பிழை நுகர்வோரை எச்சரிக்கவில்லை, டப்பாவைத்தான் காப்பாற்றியது. தவறான எண் எப்போதும் எச்சரிக்கையின் பக்கமே சாயும் என்று எண்ணுவோர் இந்த வரலாற்றை மறக்கலாகாது.

இனி, பிழையே இல்லாமல் அளந்தாலும் எண்கள் சிதறும். எத்தனை சிதறும் என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. வில்லியம் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க உணவு வேதியியலாளர் ஆய்வகங்களுக்கிடையேயான நூற்றுக்கணக்கான ஒப்பீட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார். அளக்கும் பொருளின் செறிவு குறையக் குறையச் சிதறல் ஓர் ஒழுங்கில் கூடுகிறது. 1 பிபிஎம் அளவில், நல்ல ஆய்வகங்களுக்கிடையேகூடச் சார்புத் திட்ட விலக்கம் ஏறக்குறைய 16 விழுக்காடு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு செறிவில் 45 விழுக்காடு. வரைபடத்தில் அது எக்காளத்தின் வாய் போல விரிவதால் ஹார்விட்ஸ் எக்காளம் என்றே பெயர் பெற்றது. நவீனக் கருவிகள் இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்றாலும், பொதுவான அளவுகோலாக இது இன்றும் நிற்கிறது.

2.5 பிபிஎம்முக்கு இதைப் பொருத்தினால் சிதறல் சுமார் 14 விழுக்காடு. ஒரே மாவை இரு நல்ல ஆய்வகங்களுக்கு அனுப்பினால் ஒன்று 2.2 என்றும் மற்றொன்று 2.8 என்றும் சொல்வதில் வியப்பில்லை. விதிப்படி முதல் பொட்டலம் பாதுகாப்பானது, இரண்டாவது குற்றப் பொருள். இந்த இடத்தில்தான் அறிக்கை தன் நிச்சயமின்மையைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் இதே கணக்கு 17.2ஐ விளக்காது என்பதும் கவனிக்கத்தக்கது. வரம்பைப் போல் ஏழு மடங்கு என்பது சாதாரணச் சிதறலில் வருவதன்று. அந்தப் பொட்டலத்தில் உண்மையாகவே காரீயம் இருந்திருக்க வேண்டும், அல்லது மாதிரியிலோ ஆய்வகத்திலோ காரீயம் புகுந்திருக்க வேண்டும். அரை கிராம் மாதிரியில் 2.5ஐ 17.2 ஆக்க ஏழு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் போதும். பின்னர் மூன்று ஆய்வகங்கள் சோதித்தவை பாராபங்கியில் எடுத்த அந்தப் பொட்டலங்கள் அல்ல. ஆகவே மற்றத் தொகுதிகள் தேறியது மற்றத் தொகுதிகளைப் பற்றிய செய்தி மட்டுமே. நீதிமன்றம் தன் முன்னிருந்த சட்டக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. வேதியியல் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு நீதிமன்றத்துக்கு இல்லை. வெற்றுச் சோதனையின் எண்ணும் ஒப்பீட்டுப் பொருளின் எண்ணும் முதல் நாளே அறிக்கையோடு வெளிவந்திருந்தால், அந்தக் கேள்வி ஒரு பிற்பகலில் தீர்ந்திருக்கும்.

எதை அளப்பது என்பதிலும் அன்று வழக்கு இருந்தது. சுவைப் பொடியைத் தனியே சோதிக்கக் கூடாது, உண்ணும் நிலையில் நூடுல்ஸோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்றது நிறுவனம். ஆணையம் இரண்டும் தனித்தனியே தேற வேண்டும் என்றது. சட்டத்தின் கண்ணில் ஆணையத்தின் நிலை வலுவானது. இல்லையேல் நஞ்சைக் கூடுதல் மாவில் கரைத்து வரம்புக்குள் கொண்டுவரலாம். ஆனால் உடலின் கண்ணில் கேள்வி வேறு: ஒரு நாளில் எத்தனை மைக்ரோகிராம் உள்ளே போகிறது? வரம்பு பொருளுக்கு, நஞ்சு மனிதருக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 17.2 பிபிஎம் மெய்யென்றே கொள்வோம். 70 கிராம் பொட்டலம் முழுவதும் அதே அளவு என்றால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 1,200 மைக்ரோகிராம் காரீயம். அச்சம் தரத்தக்க அளவுதான். இனி வேறொரு பொருள். தெற்காசிய நகரங்களின் சந்தைகளில் மஞ்சளைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில், பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய நகரங்களின் சில மாதிரிகளில் காரீயம் ஒரு கிராமுக்கு 1,000 மைக்ரோகிராமைத் தாண்டியது. இந்திய விதியில் மஞ்சளுக்கான வரம்பு கிராமுக்கு 10 மைக்ரோகிராம். அதாவது, நாட்டையே உலுக்கிய ஒரு முழு நூடுல்ஸ் பொட்டலத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட காரீயத்துக்கு நிகரானது, பருப்பில் போடும் ஒரு சிட்டிகை, இரு சிட்டிகை மஞ்சளில். நூடுல்ஸ் என்றேனும் ஒரு நாள். மஞ்சள் அன்றாடம், இரு வேளையும், கருவுற்ற பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும். இதற்காக எந்தத் தொலைக்காட்சியிலும் நேரலை ஓடவில்லை. சில்லறை மஞ்சளுக்கு முகப்பும் இல்லை, விளம்பர நடிகரும் இல்லை, வழக்குத் தொடுக்க முகவரியும் இல்லை.

மஞ்சளில் இந்தக் காரீயம் மண்ணிலிருந்து வருவதன்று. நிறம் மங்கிய கிழங்குக்கு மெருகேற்றும்போது தூவப்படும் காரீயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியிலிருந்து வருகிறது. அந்த நிறமியின் எடையில் ஏறக்குறைய 64 விழுக்காடு காரீயம். இங்கே பகுப்பாய்வாளருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. தலைமுடியின் தடிமனே உள்ள ஒற்றைத் துகள், அதாவது இரண்டு மைக்ரோகிராம் நிறமி, அரை கிராம் மாதிரியில் சிக்கினால் அறிக்கை 2.5 பிபிஎம் காட்டும், சிக்காவிட்டால் சுழியம். எனவே சந்தையில் எங்கிருந்து, எத்தனை மூட்டையிலிருந்து, எவ்வளவு எடுத்து, எப்படிக் கலந்து பொடித்தார்கள் என்பது கருவியின் விலையைவிட முதன்மையானது. கரண்டி பிடிக்கும் கையில்தான் பாதி வேதியியல் இருக்கிறது.

வங்கதேசம் இதைச் செய்து காட்டியது. அங்குக் கருவுற்ற பெண்களின் இரத்தத்திலிருந்த காரீயத்தின் ஐசோடோப்பு விகிதமும் மஞ்சளில் இருந்ததன் விகிதமும் ஒத்திருப்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் டாக்காவின் பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தினரும் 2019இல் காட்டினர். காரீயத்துக்கும் கைரேகை உண்டு என்பது வழக்குக்கு வலுச் சேர்த்தது. பிறகு அதிகாரிகள் கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியோடு டாக்காவின் மொத்த விற்பனைச் சந்தைக்கே சென்றனர். கிழங்கின் மேல் வைத்து அழுத்தினால் சில நொடிகளில் காரீயம் உண்டா என்று சொல்லும் கருவி அது. அவ்விடத்திலேயே பறிமுதல், அபராதம், செய்தித்தாளில் படம். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் காரீயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் இரத்தக் காரீயமும் குறைந்தது. அந்தக் கையடக்கக் கருவி 1 பிபிஎம் அளவில் நம்பத்தக்கதன்று. குழந்தை உணவுக்கு அது உதவாது. 1,000 பிபிஎம் மஞ்சளைப் பிடிக்க அதுவே மிகை. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்பதை அறிந்ததே அந்நாட்டின் வெற்றி.

தமிழ் வாசகருக்கு இங்கு ஓர் இடைக்குறிப்பு. 2015இல் தமிழ்ச் செய்திகள் பலவும் ‘ஈயம்’ என்றே எழுதின. வெள்ளீயமும் காரீயமும் வெவ்வேறு தனிமங்கள். தமிழ் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லைத் தந்திருப்பதால், ரசம் வைக்கும் ஈயச் சொம்பைத் தூக்கிப் பரணில் போட்ட வீடுகள் உண்டு. சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாயின் அச்சம் வேண்டாம். ஆனால் மலிவான காரீயத்தை அதில் கலந்து விற்பவர் உண்டு, புளியும் தக்காளியும் கொதிக்கும் பாத்திரத்தில் அது கரையும். பெயர்க் குழப்பத்தை அகராதி தீர்க்கும். உலோகக் கலப்பை மேற்சொன்ன எக்ஸ்-கதிர்க் கருவிதான் தீர்க்கும். பாத்திரக் கடைத் தெருக்களில் மாதம் ஒரு நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார ஓர் அலுவலர் போதும்.

அரிசியில் ஆர்சனிக் வேறு வகைச் சிக்கல். மேற்கு வங்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரால் வந்த தோல் நோயை 1983இல் கொல்கத்தா வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியின் மருத்துவர் க்ஷிதீஷ் சந்திர சாகா இனங்கண்டது முதல், நீரைப் பற்றிய பேச்சு நிறைய உண்டு. அதே நீரில் விளையும் நெல்லைப் பற்றிய பேச்சு பின்னரே வந்தது. ஆர்சனிக்கில் மொத்த அளவு பாதி உண்மைதான். இறாலிலும் கடல் மீனிலும் மிகுதியாக உள்ள ஆர்சனோபீட்டெயின் உடலுக்குத் தீங்கின்றி வெளியேறிவிடும். அரிசியிலுள்ள கனிம ஆர்சனிக் புற்றுநோய்க் காரணி. மொத்தத்தை மட்டும் அளந்தால் இறால் குற்றவாளியாகவும் அரிசி நல்ல பிள்ளையாகவும் தோன்றும். வகை பிரித்தளக்க நிறைமானிக்கு முன் ஒரு திரவ நிறவரைவியை இணைக்க வேண்டும். செலவும் நேரமும் கூடும். கோடெக்ஸ் அமைப்பு 2014இல் தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என வரம்பு வைத்தபோது, அதைக் கனிம ஆர்சனிக்குக்கே வைத்தது.

இன்னொன்று: ஆய்வகம் அளப்பது பச்சரிசியையோ புழுங்கலரிசியையோ, இலையில் விழுவது சோறு. தூய நீரில் நிறைய வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடித்தால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி கஞ்சியோடு போகும். குக்கரில் நீர் முழுதும் சுண்ட வைத்தால் போகாது. நதியா மாவட்டத்திலோ முர்ஷிதாபாத்திலோ கிணற்று நீரே நஞ்சாயிருப்பின் வேகவைப்பதே ஆர்சனிக்கைச் சேர்க்கும். சமையலறை வரை செல்லாத அளவீடு, சந்தையைக் கண்காணிக்க உதவும். உண்பவரின் நிலையைச் சொல்ல உதவாது.

சட்டம் இவற்றை முற்றும் மறந்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரிக்கச் சொல்கிறது: ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பொறுப்பு அலுவலரிடம் பாதுகாப்புக்கு, நான்காவது, விற்பவர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அங்கீகாரம் ஐஎஸ்ஓ/ஐஈசி 17025 தரத்தின்படி அமைய வேண்டும். அந்த அங்கீகாரம் கட்டடத்துக்குத் தரப்படுவதன்று. இந்த உணவில் இந்தத் தனிமம் இந்த முறையில் என்று தனித்தனியே தரப்படுவது. எண்ணெயில் அமிலத் தன்மையை அளக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் மஞ்சளில் காரீயத்தை அளந்து முத்திரையிட்டால் அம்முத்திரை செல்லாது. இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. பொதுமக்கள் கையில் வந்து சேரும் அறிக்கையிலோ மூன்றே பத்திகள்: பொருள், அளவு, வரம்பு. அடியில் ஒரு சொல், தேறியது அல்லது தேறவில்லை.

நிச்சயமின்மையை வெளியிட்டால் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அதையே பிடித்துக்கொண்டு தப்பிவிடுவார்கள் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையில் பலரும் சொல்லும் மறுப்பு. நேர்மையான அச்சம்தான், ஆனால் நடப்புக்கு மாறானது. வெளியிடாத எண்தான் நீதிமன்றத்தில் நிற்க முடியாமல் விழுந்தது. 17.2 கூட்டல் கழித்தல் 2.4 என்று, வெற்றுச் சோதனையுடனும் ஒப்பீட்டுப் பொருளின் மீட்பு விழுக்காட்டுடனும் எழுதிய அறிக்கை, அது மெய்யாயிருந்தால், எந்த வழக்கறிஞராலும் அசைக்க முடியாததாக இருந்திருக்கும். நிச்சயமின்மையை ஒப்புக்கொள்வது பலவீனம் என்ற எண்ணம் அறிவியலிலிருந்து வந்ததன்று. அலுவலகக் கோப்புகளிலிருந்து வந்தது.

வரம்பின் அருகே வரும் எண்ணை எப்படித் தீர்ப்பது என்பது வேதியியலாளர் தனியே முடிவு செய்யக்கூடியதும் அன்று. 2.5க்கு எதிரே 2.7 வந்தால் ஐயத்தின் பலன் யாருக்கு? விற்பவருக்கு என்றால், சில நஞ்சுப் பொட்டலங்கள் கடைக்குப் போகும். உண்பவருக்கு என்றால், சில நல்ல பொட்டலங்கள் குப்பைக்குப் போகும். இரண்டுக்கும் விலை உண்டு, யார் கொடுப்பது என்பதே வேறுபாடு. காரீயத்துக்குப் பாதுகாப்பான கீழ் எல்லை எதையும் நிறுவ முடியவில்லை என்று சொல்லி, உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு 2010இல் தன் பழைய வார அளவைத் திரும்பப் பெற்றது. அப்படியிருக்கையில், குழந்தை உணவிலேனும் ஐயத்தின் பலன் குழந்தைக்கே போக வேண்டும்: அளந்த எண்ணோடு நிச்சயமின்மையைக் கூட்டிய பிறகும் வரம்புக்குக் கீழ் இருந்தால்தான் தேர்ச்சி. வணிகரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கில் மறுதலை முறை நியாயம்: கழித்த பிறகும் வரம்புக்கு மேல் இருந்தால்தான் குற்றம். இந்த விதிகளைப் பொருள்வாரியாக ஆணையம் எழுதி வெளியிட வேண்டும். எழுதாதவரை அந்த முடிவை மாநில ஆய்வகத்திலிருக்கும் ஒரு பகுப்பாய்வாளர், பழுதடைந்த குளிரூட்டியின் கீழ், மேசையில் குவிந்த மாதிரிகளுக்கு நடுவே, தனியாக எடுத்துக்கொண்டிருப்பார்.

கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஒவ்வோர் உலோக அறிக்கையிலும் முறை, கண்டறியும் எல்லை, வெற்றுச் சோதனை எண், ஒப்பீட்டுப் பொருளின் மீட்பு, நிச்சயமின்மை ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி நடத்தும் திறன் ஒப்பீட்டுச் சோதனைகளில் எந்த அரசு ஆய்வகம் எப்படித் தேறியது என்பது இணையத்தில் வர வேண்டும். மாதிரி எடுக்கும் பட்டியல் விளம்பரம் பெற்ற பொருள்களிலிருந்து விலகி, மக்கள் அன்றாடம் உண்ணும் முகமற்ற பொருள்களுக்குச் செல்ல வேண்டும்: சில்லறை மஞ்சள், மிளகாய்ப் பொடி, நியாயவிலை அரிசி, அங்கன்வாடி மாவு.

ஆணையத்தின் ஆண்டறிக்கைகளில் மாநிலவாரியாக அட்டவணை இருக்கிறது. எத்தனை மாதிரிகள் சோதிக்கப்பட்டன, எத்தனை தேறவில்லை, அவற்றுள் பாதுகாப்பற்றவை எத்தனை, தரம் குறைந்தவை எத்தனை, எத்தனை வழக்குகள், எவ்வளவு அபராதம் என்றெல்லாம் அதில் காணலாம். பீகாரின் வரிசையிலும் எண்கள் உண்டு. அந்த மாதிரிகளில் மஞ்சள் எத்தனை, அவற்றில் காரீயம் எத்தனை மைக்ரோகிராம் என்று தேடுபவருக்கு அந்த அட்டவணையில் பத்தி இல்லை.